வேறொருத்தி

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியபோது அக்கா கேட்டாள்: “அந்தப் பொண்ணு பொழச்சுக்கிட்டா, நல்லதாப் போச்சு. அப்ப அந்தக் கட்டில்ல கெடந்தது யாருடா?” முருங்கைக்கீரை ஆய்ந்தபடி பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள். ஆங்கிலம் தெரியாது, முகத்தையும் நடையையும் வைத்தே கதையைப் பிடித்துக்கொள்வாள். “அது வேற ஒருத்திக்கா” என்றேன். “வேற ஒருத்தின்னா?” என்றாள். எனக்குப் பெயர் தெரியவில்லை. ஜாக் தி ரிப்பர் கொலைகளைப் பற்றிய ‘ஃப்ரம் ஹெல்’ படத்தை நான் பார்ப்பது அது மூன்றாவது முறை. துப்பறியும் ஆபர்லைனின் பெயர் நாக்கில் இருந்தது. அவனுக்குத் துணையாக வரும் காட்லியின் பெயரும், கொலையாளியின் பெயரும், கொலையாளிக்கு வண்டி ஓட்டுபவனின் பெயரும்கூட இருந்தன. கட்டிலில் கிடந்தவளின் பெயர் இல்லை. அக்கா கீரைக் காம்புகளை முறத்தில் அள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவளுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. சில மாதங்களாக, தூக்கம் வராத இரவுகளில், “வேற ஒருத்தி” என்று நான் சொன்ன அந்த இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்பதுதான் உறுத்துகிறது.

அந்தப் படத்தின் கடைசி நிமிடங்களில் காற்று வீசுகிறது. இரண்டு மணி நேரம் லண்டனின் சந்துகளுக்குள்ளும் கரிப்புகைக்குள்ளும் அடைபட்டிருந்த கண்ணுக்குத் திடீரென்று கடல் தெரிகிறது. பாறை விளிம்பில் ஒரு வீடு, ஒரு பெண், ஒரு குழந்தை. மேரி கெல்லி சாகவில்லை, அயர்லாந்துக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் என் தோள்கள் தாமாக இறங்குவதை மூன்று முறையும் உணர்ந்திருக்கிறேன். யோசனைக்கு முன்னால் வருகிற நிம்மதி அது. உடம்பு முதலில் அறிந்து, மனம் பின்னால் போய்க் கையெழுத்திடும் நிம்மதி. இந்தப் படத்தைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்: நல்லவேளை, அவளாவது தப்பினாள். ‘அவளாவது’ என்ற சொல்லுக்குள் மற்றவர்களையெல்லாம் வைத்து மூடிவிடுகிறோம். கடைசியாக இன்னொருத்தி அதே அறையில், அதே கட்டிலில் கிடக்கிறாள். அவளுக்கு அந்தச் சொல்லுக்குள்ளும் இடமில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: அவள் பெயர் ஏடா. பிரெஞ்சு பேசுகிறவள். எஸ்டெல் ஸ்கோர்னிக் என்ற நடிகை நடித்திருக்கிறார். வசனம் மிகக் குறைவு. போக்கிடமில்லாமல் அந்தப் பெண்களோடு வந்து ஒட்டிக்கொள்கிறாள், அந்த அறையில் படுத்துத் தூங்குகிறாள். இருட்டில் வந்தவன் அவள் யாரென்று கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் கேட்கவில்லை.

கெல்லி பிழைத்துக்கொண்டாள் என்ற கற்பனை இந்தப் படம் செய்தது அல்ல. படத்துக்கு மூலமான, ஆலன் மூர் எழுதி எடி கேம்பெல் வரைந்த சித்திர நூலிலேயே அதற்கான சாடை உண்டு. அதற்கும் பின்னால் போனால் ஒரு நிஜமான பெண்ணின் வாய்மொழி நிற்கிறது. 1888 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் டார்செட் தெருவை ஒட்டிய மில்லர்ஸ் கோர்ட், 13-ம் எண், கெல்லியின் அறை. 29 ஷில்லிங் வாடகை பாக்கி. அதைக் கேட்டு வாங்கிவர அனுப்பப்பட்ட ஆள் காலை பத்தே முக்கால் மணிக்கு உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குள் கையை விட்டுத் திரையை விலக்கிப் பார்த்தான்; கட்டிலில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. அவள் பின்னிரவிலேயே இறந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். ஆனால் எதிரே இருந்த தங்கும் விடுதிக்காரரின் மனைவி கரோலின் மேக்ஸ்வெல், அன்று காலை எட்டுக்கும் எட்டரைக்கும் இடையில் மில்லர்ஸ் கோர்ட் முனையில் கெல்லியோடு பேசியதாகச் சாட்சி சொன்னார். குடித்தது ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்ததாகக் கெல்லி சொன்னாளாம். உடுத்தியிருந்த உடையைக்கூட மேக்ஸ்வெல் விவரித்தார். மற்றவர்கள் சொல்வதற்கு மாறாக இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்று விசாரணை அதிகாரி எச்சரித்தார். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நாள் குழம்பியிருக்கலாம், ஆள் குழம்பியிருக்கலாம் என்று பின்னால் எழுதியவர்கள் விளக்கம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சாட்சியத்தின் உண்மை பொய் இப்போது முக்கியமாகப் படவில்லை. அந்த ஒரு வாய்மொழியைப் பிடித்துக்கொண்டு கெல்லியைக் காப்பாற்ற இத்தனை காலமாக எவ்வளவு பேர் முயன்றிருக்கிறார்கள் என்பதுதான் வியப்பாக இருக்கிறது. அவர்கள் எல்லோருமே அக்காவின் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். கெல்லி முனையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள் என்றால் கட்டிலில் கிடந்தது யார்? வேறு ஒருத்தி. எந்த ஒருத்தி? அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் தேடி அலைந்தவர்களும் குறைவு. ஒருத்தியைப் பிழைக்க வைக்கும் ஆசைக்குப் பெயரில்லாத இன்னொருத்தியின் உடல் தேவைப்படுகிறது. எவ்வளவு கனிந்த ஆசையானாலும் அதன் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

அந்த உடலை அடையாளம் காட்டியவர் ஜோசஃப் பார்னெட், கொஞ்ச நாள் முன்புவரை கெல்லியோடு அந்த அறையில் வாழ்ந்தவர். கண்ணையும் காதையும் வைத்து அவள்தான் என்றார். சில பதிவுகளில் காது என்பதற்குப் பதில் கூந்தல் என்று இருக்கிறது. அடையாளம் சொல்ல அந்த முகத்தில் வேறு எதையும் கொலையாளி விட்டுவைக்கவில்லை. அவளைப் பற்றி இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பார்னெட்டிடம் அவள் சொல்லியிருந்தவை: லிமரிக்கில் பிறந்தது, வேல்ஸில் வளர்ந்தது, சுரங்கத் தொழிலாளியை மணந்து அவன் விபத்தில் இறந்தது, கொஞ்ச காலம் பிரான்ஸுக்குப் போனது. எத்தனையோ ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் பதிவேடுகளைப் புரட்டியும் இதில் ஒன்றையும் உறுதியாக நிறுவ முடியவில்லை. மேரி ஜேன் கெல்லி என்பது அவள் பிறந்தபோது வைத்த பெயர்தானா என்பதற்கே சான்று இல்லை. நாம் படத்தில் காப்பாற்றிக் கடற்கரையில் குடிவைத்தவளும் அப்படிப் பார்த்தால் வேறொருத்திதான்.

இந்தப் பெயர்க் குழப்பம் இன்னும் ஆழமாகப் போகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 29 சனிக்கிழமை இரவு, குடித்து விழுந்து கிடந்த ஒரு பெண்ணைப் பிஷப்ஸ்கேட் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பெயர் கேட்டபோது ‘ஒன்றுமில்லை’ என்றாளாம். நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் தெளிந்ததும் விடுவித்தார்கள். அப்போது சொன்ன பெயர் மேரி ஆன் கெல்லி. முக்கால் மணி நேரத்துக்குள் மைட்டர் சதுக்கத்தில் அவள் உடலை ஒரு காவலர் கண்டார். அவள் கேத்தரின் எடோஸ். ஜான் கெல்லி என்பவரோடு வாழ்ந்துவந்தவள்; இருவரும் கென்ட்டில் ஹாப் பறிக்கும் வேலைக்குப் போய்விட்டுக் கையில் காசில்லாமல் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். அவள் உடைமைகளைக் காவலர்கள் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார்கள். டப்பாவில் தேயிலை, சர்க்கரை. வெள்ளைத் துணித் துண்டுகள். இரண்டு களிமண் சுங்கான்கள். சிவப்புத் துணியில் குத்திய ஊசிகள். உடைந்த மூக்குக் கண்ணாடியில் ஒரு பாகம். ஒற்றைக் கையுறை. வீடு இல்லாதவள் தன் வீட்டைப் பாவாடைப் பைகளில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். இந்தப் பட்டியலில் ஒரு கடுகு டப்பாவும் உண்டு. அதற்குள் இரண்டு அடகுச் சீட்டுகள். ஒன்று ஜான் கெல்லியின் பூட்ஸை இரண்டரை ஷில்லிங்குக்கு வைத்த சீட்டு, அதில் எழுதியிருந்த பெயர் ஜேன் கெல்லி. பின்னாளில் 1976-ல் ஸ்டீஃபன் நைட் தன் நூலில் அரச குடும்பச் சதி என்ற கதையைக் கட்டியபோது, மேரி கெல்லி என்று தவறாக நினைத்துத்தான் எடோஸைக் கொன்றார்கள் என்று எழுதினார். இந்தப் படம் நிற்பதும் அந்தச் சதிக் கதையின் மேல்தான். ஆக, எடோஸ் தன் சாவுக்கேகூடச் சொந்தக்காரி இல்லை. அவளும் இன்னொருத்திக்குப் பதிலாகச் செத்தவள். அந்தக் கடுகு டப்பாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. சதிக் கதை எழுதுகிறவருக்குத் துப்பாகத் தெரிந்த அந்தப் பெயர், அவளுக்கு வீட்டுக்காரனின் பெயர், அவ்வளவுதான்.

சதிக் கதை ஏன் இவ்வளவு காலம் உயிரோடிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். அரண்மனை ரகசியம் தெரிந்ததால் கொல்லப்பட்டாள் என்றால் அந்தச் சாவுக்கு ஒரு கனம் கிடைக்கிறது. பார்க்கிறவன் மனம் அதை ஏற்றுக்கொள்கிறது. நாலு பென்னி இல்லாததால் செத்தாள் என்றால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆகஸ்ட் 31 அதிகாலையில் பக்ஸ் ரோவில் இறந்து கிடந்த பாலி நிக்கல்ஸிடம் அன்று இரவு இல்லாதது அந்த நாலு பென்னிதான், ஒரு படுக்கைக்கான காசு. த்ரால் தெரு விடுதியிலிருந்து அவளை வெளியே அனுப்பியபோது, தலையிலிருந்த புதுத் தொப்பியைக் காட்டி, சீக்கிரம் காசோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். செப்டம்பர் 8 அன்று இறந்த ஆனி சாப்மனும் அதே போலப் படுக்கைக் காசு இல்லாமல் வெளியே வந்தவள்தான். நுரையீரல் கெட்டுப்போயிருந்த நோயாளி. ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-ல் வெளியிட்ட ‘தி ஃபைவ்’ நூல் ரிப்பர் கொன்றதாகக் கருதப்படும் ஐந்து பெண்களின் வாழ்க்கையை மட்டும் சொல்கிறது; கொலைகளை விவரிக்கவோ கொலையாளியைத் தேடவோ மறுக்கிறது. அவர்களில் மூவர் பாலியல் தொழில் செய்ததற்கே ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம். அதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த நூலைப் படித்த பிறகு படத்தில் ஐவரும் தோழிகளாகக் கைகோத்து வரும் காட்சிகள் எனக்குக் கூசுகின்றன. அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்ததற்குச் சான்று கிடையாது. அவரவர் தனியாகத்தான் நடந்தார்கள்.

படத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். அதை இயக்கிய ஆல்பர்ட், ஆலன் ஹ்யூஸ் இரட்டையர்கள் டெட்ராய்ட்டில் பிறந்தவர்கள். 1993-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கறுப்பினத்தவர் குடியிருப்பு ஒன்றின் இளைஞர்களைப் பற்றி எடுத்த ‘மெனஸ் டூ சொசைட்டி’யோடு வந்தவர்கள். வறுமை ஒரு தெருவை எப்படி இறுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தபடியே, முன்னால் கட்டிய கயிற்றின் மேல் சாய்ந்து தூங்குகிறார்கள். விடிந்ததும் கயிறு அவிழ்க்கப்படுகிறது. படம் முழுவதிலும் என்னை அசைத்துப்பார்த்த காட்சி அதுதான். அதில் கொலை இல்லை, துப்பு இல்லை, பனிமூட்டம்கூட இல்லை. மற்ற இடங்களிலெல்லாம் பனிமூட்டம் நமக்கு உதவி செய்கிறது. விக்டோரியா காலத்துக் கொலைப் படம் என்றாலே புகைமூட்டமும் எரிவாயு விளக்கும் ஈரக் கல்தெருவும் குதிரைக் குளம்போசையும் எதிர்பார்க்கப் பழகிவிட்டோம். கெல்லி இறந்த இரவில் இருந்தது மழை, சாதாரண நவம்பர் மழை. அதே மில்லர்ஸ் கோர்ட்டில் குடியிருந்த ஒருத்தி நனைந்து வந்து கைகளைக் காயவைத்துவிட்டு மறுபடி மழைக்குள் வெளியே போனாள். மழையில் எல்லாம் தெளிவாகத் தெரியும். புகைமூட்டத்தில் ஓர் உடல் எவளுடைய உடல் என்று பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு கைமாற்றும் நடந்திருக்கிறது. அதைக் கவனிக்க எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. ஜானி டெப் நடித்த ஆபர்லைன் அபினுக்கு அடிமை, நடக்கப்போவதைக் கனவில் காண்கிறவன். மேரியைத் தேடிப் போனால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று போகாமலேயே இருந்து, அபின் குகையில் சாகிறான். காட்லி அவன் கண்களின் மேல் காசுகளை வைக்கிறான். அழகான சாவு. நிஜமான ஃப்ரெடரிக் ஆபர்லைன் 1892-ல் ஓய்வு பெற்றார், 1929-ல் போர்ன்மத் என்ற கடற்கரை ஊரில் 86 வயதில் இறந்தார். மேரி கெல்லி இறந்தபோது அவளுக்கு ஏறத்தாழ 25 வயது. வாழ்ந்தவரை எடுத்து மரணத்தில் வைத்துவிட்டு, செத்தவளை எடுத்துக் கடற்கரையில் வைத்திருக்கிறது படம். நிஜத்தில் கடற்கரை ஊரில் முதுமை எய்தியவர் ஆபர்லைன். பார்க்கிறவர்கள் இரண்டுக்காகவும் கண்கலங்குகிறோம். அந்த இரண்டு கண்ணீரிலும் ஏடாவுக்கு ஒரு சொட்டு இல்லை. திரைக்கதை அவளை அதற்காகத்தான் வைத்திருக்கிறது. அவளை முன்னமே நேசித்துவிட்டால் கடைசியில் அந்தக் கடற்காற்று நமக்குச் சுகமாக இருக்காது.

எலிசபெத் பிரேட்டர் என்பவள் கெல்லியின் அறைக்கு மேலே குடியிருந்தாள். அன்று பின்னிரவு மூன்றரை நான்கு மணி இருக்கும். டிடில்ஸ் என்ற அவளுடைய பூனைக்குட்டி கழுத்தின் மேல் நடந்ததில் விழிப்புத் தட்டியது. ‘ஐயோ, கொலை’ என்று ஒரு பெண் குரல் மெல்லக் கேட்டது. அந்தப் பகுதியில் அப்படிக் கேட்பது வழக்கம் என்பதால் பொருட்படுத்தாமல் தூங்கிவிட்டேன் என்று விசாரணையில் சொன்னாள். எதிர் அறையில் தங்கியிருந்த சாரா லூயிஸும் அதே நேரத்தில் அதே அலறலைக் கேட்டாள். அவளும் எழுந்து பார்க்கவில்லை. இதைப் படித்த காலத்தில் எனக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. பிரேட்டரை எழுப்ப ஒரு பூனைக்குட்டி வேண்டியிருந்தது. என்னை எழுப்ப அக்கா வேண்டியிருந்தது. பிரேட்டர் களைத்துப்போய்க் கிடந்தவள், கதவுக்கு மேசைகளை அண்டக்கொடுத்துவிட்டுப் படுத்தவள். நான் விளக்கை அணைத்து, நாற்காலியில் சாய்ந்து, அந்த அலறலுக்காகவே காத்திருந்தவன். அவளுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது.

பார்க்கும் ஆசையும் அப்போதே தொடங்கிவிட்டது. ஆனி சாப்மன் கிடந்த ஹான்பரி தெருவின் பின்முற்றத்தை எட்டிப் பார்க்க, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் ஜன்னல்களுக்குக் காசு வாங்கினார்கள். இன்றும் அந்தத் தெருக்களில் ஒவ்வொரு மாலையும் வழிகாட்டிகளின் பின்னால் கூட்டம் நடக்கிறது. 2015-ல் கேபிள் தெருவில் பெண்களின் வரலாற்றுக்கான அருங்காட்சியகம் என்று சொல்லி அனுமதி பெற்ற கட்டடத்தில் ரிப்பர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பெண்கள் வாசலில் திரண்டு எதிர்த்தார்கள். நானும் காசு கொடுத்து ஜன்னலில் நின்றவன்தான். 13-ம் எண் அறையில் எடுக்கப்பட்ட அந்தப் புகைப்படத்தை ஒருமுறை தேடிப் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதில் ஒரு பெண்ணைத் தேடினேன், கிடைக்கவில்லை. பார்னெட் அதில் கண்ணையும் காதையும் கண்டுபிடித்தார். அவர் அவளோடு வாழ்ந்தவர் என்பதால் அது அவருக்கு முடிந்தது. எனக்கு உரிமையுள்ள பார்வை அல்ல அது.

கொலைப் படமே பார்க்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நானே பார்ப்பேன், மழைநாளில் இன்னும் ஆசையோடு பார்ப்பேன். யார் கொன்றது என்ற கேள்வியின் இழுப்பு அசலானது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும் வருகிற நிம்மதியை நான் இனி நம்ப மாட்டேன். அந்த நிம்மதி யாருடைய உடலின் மேல் நிற்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. போன வாரம் அக்காவிடம் அவள் பெயர் ஏடா என்று சொன்னேன். எந்த ஏடா என்று கேட்டாள். கட்டிலில் கிடந்தவள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாவம், அவளுக்கு ஊரு எது?” என்றாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

1888 நவம்பர் 19 அன்று ஷோர்டிச் புனித லெனார்ட் தேவாலயத்திலிருந்து மேரி கெல்லியின் சவப்பெட்டி புறப்பட்டது. செலவை அந்தத் தேவாலயப் பணியாளர் ஹென்றி வில்டன் ஏற்றுக்கொண்டார். தெருவில் ஆயிரக்கணக்கில் கூட்டம். பெண்கள் அழுதுகொண்டே முண்டியடித்துக் கைநீட்டிப் பெட்டியைத் தொட்டார்கள். லேட்டன்ஸ்டோனில் உள்ள புனித பேட்ரிக் கத்தோலிக்கக் கல்லறையில் புதைத்தார்கள். பெட்டியின் தகட்டில் பெயரைப் பிரெஞ்சுச் சாயலில், மேரி ஜானெட் கெல்லி என்று பொறித்திருந்தார்கள். கீழே வயது 25. உறவினர் என்று ஒருவரும் வரவில்லை.